எலும்புப்புரையைத் தடுக்கும் உணவு: ஒரு தீவுக் குடியிருப்பின் நோக்கில்

2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேர் நகரின் ஒரு பகுதி ஹேடோ. சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் வரும் கப்பல்கள் ஹேடோ துறையில்தான் அணைகின்றன. 1883ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சாத்தாம் மர அறுவை ஆலை அமைந்துள்ள சிறு தீவு, பாலம் ஒன்றினால் இப்பகுதியோடு இணைக்கப்பட்டுள்ளது. துறைமுகமும் ஆலையும் அரசு அலுவலகங்களும் பிழைப்பளித்ததால், தமிழகத்திலிருந்து வந்து இந்நகரில் நிலைத்துவிட்ட குடும்பங்கள் பல.

மேடும் பள்ளமுமான நிலம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மே முதல் டிசம்பர் வரை ஈரம் காயாத படிகள். இத்தகைய இடத்தில் முதியவர் ஒருவர் கால் வழுக்கி விழுவது அரிய நிகழ்ச்சியன்று. விழுந்தவர் எழுந்து நடப்பாரா, படுக்கையில் கிடப்பாரா என்பதைத் தீர்மானிப்பது அந்தப் படிக்கட்டு மட்டுமல்ல. அவருடைய எலும்பின் உறுதியும் அதைத் தீர்மானிக்கிறது. அந்த உறுதியின் பெரும்பகுதி, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் அவர் உண்ட உணவினால் அமைந்தது.

விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுட்காலம் ஏறத்தாழ 32 ஆண்டுகளாக இருந்தது. இன்று அது 70 ஆண்டுகளை எட்டியுள்ளது. இது பெருமைக்குரிய முன்னேற்றம். ஆனால், கூடுதலாகக் கிடைத்த ஆண்டுகள் நடமாட்டத்தோடு கழிய வேண்டுமெனில், எலும்பு நலம் குறித்த அறிவு ஒவ்வோர் இல்லத்தையும் எட்டுதல் வேண்டும்.

நோயின் தன்மை

எலும்பின் அடர்த்தி குறைந்து, அதன் உள்ளமைப்பு சிதைந்து, சிறிய அதிர்ச்சிக்கும் முறியும் நிலையை அடைவதே எலும்புப்புரை ஆகும். மருத்துவர்கள் இதனை ஆஸ்டியோபோரோசிஸ் என்பர். கறையான் அரித்த மரத்தின் வெளித்தோற்றம் மாறாதிருப்பதைப் போல, இந்நோய் கண்ட எலும்பும் வெளியிலிருந்து பார்ப்பதற்கு மாறுவதில்லை. உள்ளே மட்டும் புரையோடிப் போகிறது.

பேச்சு வழக்கில் ‘எலும்புத் தேய்மானம்’ என்னும் சொல் இரு வேறு நிலைகளைக் குறிக்கிறது. முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து, நடக்கும்போது வலியும் வீக்கமும் தோன்றுவது மூட்டுத் தேய்மானம். எலும்புப்புரையோ பெரும்பாலும் வலி தராது. முறிவு ஏற்படும் வரை தன்னிடம் அந்நோய் இருப்பதையே ஒருவர் அறியாதிருக்கலாம். மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பு ஆகிய மூன்று இடங்களில் முறிவு மிகுதி. வயதானவர்களின் உயரம் குறைவதற்கும் முதுகு கூனுவதற்கும் முதுகெலும்பில் ஏற்படும் சிறு நசிவுகள் காரணமாக இருக்கலாம். இவற்றுள் இடுப்பு முறிவே மிகக் கொடியது. இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாக உலக நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. பிழைத்தவர்களில் பலர் முன்போல் தனித்து நடமாட முடியாதவராகின்றனர்.

மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இந்நோய் மிகுதியாக வருவதையும், ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் குறைவதே அதற்குக் காரணம் என்பதையும் 1940ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் எடுத்துக் காட்டினார். எலும்பின் அடர்த்தியை அளந்து நோயை வரையறுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்தது. ஆண்டுதோறும் அக்டோபர் 20ஆம் நாள் உலக எலும்புப்புரை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

எலும்பு ஒரு சேமிப்புக் கணக்கு

எலும்பு உயிரற்ற கல் அன்று. ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன; மற்றொரு வகை உயிரணுக்கள் அவ்விடத்தில் புதிய எலும்பைக் கட்டுகின்றன. வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. உடலில் உள்ள கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, ஏறத்தாழ ஒரு கிலோகிராம். அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பற்களிலும் தங்கியுள்ளது. எஞ்சிய ஒரு விழுக்காடு இரத்தத்திலும் திசுக்களிலும் இருந்து, இதயத் துடிப்பு, தசை இயக்கம், இரத்த உறைவு ஆகியவற்றுக்கு உதவுகிறது.

இந்த ஒரு விழுக்காடு குறைந்தால் உயிருக்கே இடர் உண்டாகும். எனவே உணவில் கால்சியம் போதாத நாள்களில் உடல் எலும்பிலிருந்து அதனை எடுத்துக்கொள்கிறது. சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுப்பதைப் போன்றது இது. எடுத்ததைத் திரும்பச் செலுத்தாவிட்டால் கணக்கு நாளடைவில் வற்றிப்போகும்.

இக்கணக்கில் பெருந்தொகை சேரும் காலம் இளமையே. வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் இரண்டே ஆண்டுகளில், வளர்ந்த மனிதருக்குரிய எலும்புத் திரட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சேர்கிறது. பெண் குழந்தைகளுக்கு இக்காலம் பூப்பெய்தும் வயதை ஒட்டி அமைகிறது. 30 வயதளவில் சேமிப்பு முழுமை பெறுகிறது. பின்னர் சிறிது காலம் நிலையாக நின்று, மெல்லக் குறையத் தொடங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றதை அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் இக்குறைவு விரைவு பெறுகிறது. எலும்பில் 20 விழுக்காடு வரையிலும் இழக்கப்படலாம். எனவே எலும்புப்புரைத் தடுப்பு பாட்டியிடம் தொடங்குவதன்று, பேத்தியிடம் தொடங்குவது.

நாளொன்றுக்கு எவ்வளவு தேவை?

இந்தியாவில் உணவூட்ட ஆராய்ச்சிக்கு வித்திட்டது தமிழகம். 1918இல் குன்னூரில் சர் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே பிற்காலத்தில் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பெற்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் இந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தவர். இந்திய உணவுப் பொருள்களின் சத்து அளவுகளைத் தொகுத்து 1971இல் அவரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட பட்டியல், அரை நூற்றாண்டாக நாடெங்கும் பயன்பட்டு வருகிறது.

இந்நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020ஆம் ஆண்டில் வகுத்த அளவின்படி, வளர்ந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. முன்னர் 2010ஆம் ஆண்டின் அளவு 600 மில்லிகிராமாக இருந்தது. பாலூட்டும் தாய்க்கு 1,200 மில்லிகிராமும், 10 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு 850 மில்லிகிராமும், 16 முதல் 18 வயதினருக்கு 1,050 மில்லிகிராமும் வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களில் பரவலாகக் காணப்படும் உணவு இந்த அளவைத் தொடுகிறதா எனக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று வேளையும் அரிசியை நம்பி வாழும் ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்பதாகக் கொள்வோம். அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 10 மில்லிகிராம் கால்சியமே உள்ளது. ஆக, 40 மில்லிகிராம் கிடைக்கும். சாம்பாருக்கான பருப்பிலிருந்து 25, மூன்று குவளைத் தேநீரில் சேரும் பாலிலிருந்து 180, தேங்காய், உருளைக்கிழங்கு, முள் நீக்கிய பெரிய மீன் துண்டு ஆகியவற்றிலிருந்து ஏறத்தாழ 50 மில்லிகிராம். மொத்தம் 300 மில்லிகிராமைக்கூட எட்டவில்லை. வயிறு நிறைந்துவிடுகிறது, ஆனால் எலும்பின் பங்கு மூன்றில் ஒன்றாக நின்றுவிடுகிறது.

தீவுக்கு ஏற்ற உணவுகள்

சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில், கப்பலில் மூன்று நாள் பயணத்தில் அமைந்துள்ள தீவுக்கு அரிசி, பருப்பு, பால்மாவு ஆகியவற்றில் பெரும்பகுதி கடல் கடந்தே வருகிறது. ஆகவே ஹேடோவில் வாழ்பவருக்கான உணவுத் திட்டத்தில், உள்ளூரில் கிடைப்பவையும், நெடுநாள் கெடாமல் இருப்பவையும் முதலிடம் பெறல் வேண்டும். நற்பேறாக, கால்சியம் மிகுந்த உணவுகள் பலவும் இவ்விரு வகையுள் ஒன்றில் அடங்கிவிடுகின்றன. 100 கிராமில் உள்ள கால்சியத்தின் தோராயமான அளவு வருமாறு:

கேழ்வரகு – 350 மில்லிகிராம்
முருங்கைக்கீரை – 300 மில்லிகிராமுக்கு மேல்
அகத்திக்கீரை – 900 மில்லிகிராம்
எள் – 1,200 மில்லிகிராமுக்கு மேல்
கொள்ளு – 270 மில்லிகிராம்
பசும்பால் – 120 மில்லிகிராம்
கொழுப்பு நீக்கிய பால்மாவு – 1,250 மில்லிகிராம்
அரிசி – 10 மில்லிகிராம்

கேழ்வரகு: தானியங்களுள் கால்சியத்தில் இதற்கு இணையானது இல்லை. அரிசியைப் போல் முப்பது மடங்குக்கு மேல் இதில் உள்ளது. பூச்சி எளிதில் தாக்காததால் பல ஆண்டுகள் சேமித்து வைக்கத்தக்கது. பஞ்ச காலத்திற்கென நம் முன்னோர் இதனைக் குதிரில் வைத்திருந்தனர். கப்பலை எதிர்நோக்கி வாழும் தீவுக்கு இதைவிடப் பொருத்தமான தானியம் அரிது. கேழ்வரகில் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் கால்சியம் உடலில் சேர்வதை ஓரளவு தடுக்கிறது. எனினும் தானியத்தை முளைகட்டி வறுத்து அரைத்தாலும், மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துக் கூழாகக் காய்ச்சினாலும் அத்தடை குறைகிறது. இரவில் கரைத்துக் காலையில் காய்ச்சும் பழைய வழக்கம் அறிவியலுக்கு ஒத்ததே. அரிசி எளிதில் கிடைக்கத் தொடங்கியபின் கேழ்வரகு ‘ஏழை உணவு’ என ஒதுக்கப்பட்டது. அந்நிலையை மாற்றும் முயற்சியாகத் தமிழக அரசு 2023ஆம் ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதே 2023ஆம் ஆண்டு, இந்தியாவின் முன்மொழிவை ஏற்று, ஐக்கிய நாடுகள் சபையால் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பெற்றது.

கீரைகள்: மழையும் வெப்பமும் மிகுந்த இம்மண்ணில் முருங்கையும் அகத்தியும் கொடிப்பசலையும் வீட்டுப் புழக்கடையிலேயே வளரும். ஆனால், எல்லாக் கீரைகளின் கால்சியமும் ஒரே அளவில் உடலில் சேர்வதில்லை. பாலில் உள்ள கால்சியத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உடலில் சேர்கிறது. வடநாட்டில் பாலக் எனப்படும் பசலைக்கீரையிலோ இருபதில் ஒரு பங்கே சேர்கிறது. அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்வதே காரணம். கொடிப்பசலையிலும் தண்டுக்கீரையிலும் அவ்வமிலம் கூடுதலாக உண்டு. அவற்றைக் கொதிநீரில் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் அதன் அளவு குறையும். இரும்பு முதலிய பிற சத்துகளுக்காக இக்கீரைகளை உண்பது நன்றே. கால்சியத்திற்கு முருங்கை, வெந்தயக்கீரை, முள்ளங்கிக்கீரை ஆகியவற்றை நம்புவது மேல். 1978 முதல் போர்ட் பிளேரில் இயங்கிவரும் மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தீவுகளுக்கேற்ற காய்கறி, கீரை வகைகளை ஆராய்ந்து வருகிறது. வீட்டுத் தோட்டம் இட விழைவோர் அங்கு அறிவுரை பெறலாம்.

சிறு மீன்கள்: கடல் சூழ்ந்த இத்தீவில் மீனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரிய மீனின் சதையில் புரதம் மிகுதி; கால்சியம் குறைவு. அது முள்ளில்தான் உள்ளது. நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களை முள்ளோடு மென்று உண்ணும்போதே கால்சியம் கிடைக்கிறது. டின்னில் அடைத்த மத்தியை முள்ளோடு உண்டால் 100 கிராமுக்குச் சுமார் 380 மில்லிகிராம் கிடைக்கும். வீட்டில் மத்தியைப் புளி சேர்த்து அழுத்தக் கொதிகலனில் நெடுநேரம் வேகவைத்தால் முள் பஞ்சுபோல் மென்மையாகிவிடும். பல்லில்லாத முதியோரும் அதனை உண்ணலாம். மத்தி போன்ற கொழுப்பு மீன்களில் வைட்டமின் டி இருப்பது கூடுதல் நன்மை.

பாலும் தயிரும்: பால்மாவைக் கரைத்த பால் மட்டமானது என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. கால்சியத்தைப் பொறுத்தவரை இது தவறு. கொழுப்பு நீக்கிய பால்மாவில் 25 கிராமைக் கரைத்தால் 300 மில்லிகிராமுக்குக் குறையாமல் கிடைக்கிறது. நீக்கப்படுவது கொழுப்பே, கால்சியம் அன்று. பால் ஒவ்வாதவர்கள் தயிராகவோ மோராகவோ கொள்ளலாம். புளிக்கும்போது பாலின் சர்க்கரை குறைவதால் பலருக்கு அது எளிதில் செரிக்கிறது. ஆனால் பெருமளவு நீர் சேர்த்த மோரைப் பாலுக்கு ஈடாகக் கணக்கிடலாகாது.

ஒரு நாள் உணவு

மேற்கண்டவற்றைக் கொண்டு ஒரு நாள் உணவைப் பின்வருமாறு அமைக்கலாம். காலையில் 50 கிராம் கேழ்வரகுக் கூழ் அல்லது அடையிலிருந்து 180. பகலில் 60 கிராம் முருங்கைக்கீரைப் பொரியலிலிருந்து 180. பருப்பும் கொள்ளும் சேர்ந்து 60 கிராமிலிருந்து 80. 150 கிராம் தயிரிலிருந்து 200. 10 கிராம் எள்ளுப்பொடி அல்லது எள்ளுருண்டையிலிருந்து 125. நாள் முழுவதிலும் 200 மில்லிலிட்டர் பாலிலிருந்து 240. அரிசி முதலியவற்றிலிருந்து 30 மில்லிகிராம். கூட்டினால் 1,000 மில்லிகிராமைத் தாண்டுகிறது.

பால் அறவே கொள்ளாதவர்களுக்கு இதில் 440 மில்லிகிராம் குறையும். அதனை 100 கிராம் சிறு மீனை முள்ளோடு உண்பதன் வாயிலாகப் பெருமளவு ஈடு செய்யலாம். அரிசியை முற்றிலும் விலக்க வேண்டுவதில்லை. ஒரு வேளை அரிசிக்கு மாற்றாகக் கேழ்வரகும், நாள்தோறும் ஒரு கீரையும், ஒரு கிண்ணம் தயிரும் சேர்ந்தாலே நிலைமை மாறிவிடும்.

புரதத்தையும் மறத்தல் ஆகாது. எலும்பின் சட்டகம் புரதத்தாலானது. கால்சியம் அச்சட்டகத்தின்மீது படிவது. ‘வயதாகிவிட்டது, இரவில் கஞ்சி போதும்’ என முதியோரின் உணவைச் சுருக்கிவிடும் வீடுகளில், எலும்போடு தசையும் மெலிகிறது. தசை மெலிந்தவர் தடுமாறி விழுவதும் எளிதாகிறது. கஞ்சியில் பயறும், உடன் ஒரு முட்டையோ மீனோ சேர்வது நன்று.

வெயில் இருந்தும் வைட்டமின் டி குறைவு

உண்ட கால்சியத்தைக் குடல் ஏற்றுக்கொள்வதற்கு வைட்டமின் டி இன்றியமையாதது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் தோலில் படும்போது உடலே இதனை ஆக்கிக்கொள்கிறது. வெயில் நிறைந்த நம் நாட்டில் இக்குறைவு ஏற்பட வழியில்லை என நெடுங்காலம் கருதப்பட்டது. திருப்பதியில் டாக்டர் சி.வி. ஹரிநாராயணும் அவர்தம் குழுவினரும் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மாற்றியது. நலமுடன் இருப்பதாகத் தோன்றிய தென்னிந்தியரிடையே வைட்டமின் டி குறைவும், உணவில் கால்சியக் குறைவும், ஃபைட்டேட் மிகுதியும் ஒருசேரப் பரவியிருப்பதை அது காட்டியது. வயல்வெளியில் உழைப்போரின் நிலை நகரத்தாரைவிட மேலாக இருந்தது. வெயில் ஊரில் இருந்தால் போதாது. உடலின்மீது பட வேண்டும் என்பதே இதன் பாடம்.

திருப்பதியில் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலே இதற்கு ஏற்றது எனக் கண்டறியப்பட்டது. ஹேடோ அதற்குக் கிழக்கே அமைந்திருப்பதால், கடிகாரம் ஒரே இந்திய நேரத்தைக் காட்டினாலும், இங்கு உச்சிப்பொழுது ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாகவே வந்துவிடுகிறது. எனவே இங்கு 10 மணி முதல் 1 மணி வரையிலான வெயிலே பயனுடையது. கடிகாரமின்றியும் இதனை அறியலாம்: தன் நிழல் தன் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் பொழுதே தோலில் வைட்டமின் டி நன்கு உண்டாகும் பொழுது. மாலை வெயில் இதமானது. ஆனால் இதற்கு உதவாது. வாரத்தில் பல நாள் சிறிது நேரம் கைகளிலும் கால்களிலும் முகத்திலும் வெயில் பட்டால் நன்று. தோல் கருகும் அளவுக்கு நிற்க வேண்டுவதில்லை. கருத்த தோலுடையோருக்கும் முதியோருக்கும் சற்றுக் கூடுதல் நேரம் தேவைப்படும்.

மழை மூடிய மாதங்களில் வெயிலை மட்டும் நம்புதல் இயலாது. வைட்டமின் டி சேர்த்துச் செறிவூட்டப்பெற்ற பாலும் சமையல் எண்ணெயும் இப்போது விற்பனையில் உள்ளன. உறையில் நீல நிறத்தில் அச்சிடப்பட்டிருக்கும் ‘எஃப்’ எழுத்தும் கூட்டல் குறியும் அதன் அடையாளம்.

எலும்பைக் கரைப்பவை

சேமிப்பது ஒருபுறம் இருக்க, செலவைக் குறைப்பதும் வேண்டும். உப்பு மிகும்போது, அதனைச் சிறுநீரில் வெளியேற்றும் உடல் கால்சியத்தையும் கூடவே இழக்கிறது. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் கடற்கரை உணவில் நீங்கா இடம் பெற்றவை. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. நெத்திலிக் கருவாட்டில் கால்சியம் உண்டு. ஆயினும் பலமுறை நீரில் ஊறவைத்துக் கழுவி உப்பை நீக்கியபின்னரே சமைக்க வேண்டும்.

புகைபிடித்தலும் மிகையான மதுவும் எலும்பை மெலிவிக்கின்றன. வெற்றிலையோடு சுண்ணாம்பு சேர்வதால் தாம்பூலம் எலும்புக்கு நல்லது எனச் சிலர் கூறுவர். சுண்ணாம்பில் கால்சியம் இருப்பது உண்மையே. ஆனால் பாக்கு புற்றுநோய் விளைவிக்கும் பொருள் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அறிவித்துள்ளது. புகையிலை சேர்ந்தால் கேடு பன்மடங்காகும். பாக்கு மரங்கள் செழித்த தீவில் இவ்வெச்சரிக்கை வலியுறுத்தத்தக்கது.

உடலுழைப்பும் உணவுக்குத் துணை. எலும்பு, சுமை ஏற்றப்படும்போதே உறுதி பெறுகிறது. ஹேடோவின் ஏற்ற இறக்கங்களில் நடப்பது இளையோருக்கு நல்ல பயிற்சி. முதியோருக்கோ படிகளில் கைப்பிடியும், குளியலறையில் வழுக்காத தரையும், போதிய விளக்கொளியும், பிடிப்புள்ள காலணியும் தேவை. பாசி படிந்த வாசற்படியைத் தேய்த்துக் கழுவுவதும் எலும்பு முறிவைத் தடுக்கும் பணியே.

மாத்திரையும் மருத்துவரும்

தேசிய நெறிமுறையின்படி, கருவுற்ற பெண்களுக்கு 14ஆம் வாரம் முதல் மகப்பேற்றுக்குப்பின் ஆறு மாதம் வரை நாள்தோறும் இரு கால்சிய மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 அலகு வைட்டமின் டியும் உண்டு. கருவிலுள்ள குழந்தையும் தாய்ப்பாலும் தாயின் எலும்பிலிருந்து கால்சியத்தைப் பெறுவதால் இம்மாத்திரைகளை விடாது உண்ணல் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு ஒரே வேளையில் இதனை உண்ணலாகாது. ஒன்று மற்றதன் பயனைக் குறைக்கும்.

பிறர் தாமாகவே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி உண்பது முறையன்று. வைட்டமின் டி அளவுக்கு மீறினால் இரத்தத்தில் கால்சியம் கூடித் தீங்கு விளையும். சிறுநீரகக் கல் உடையோர் மருத்துவரைக் கலந்தே இவற்றைக் கொள்ளல் வேண்டும். நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உண்போர், 45 வயதுக்கு முன்னரே மாதவிடாய் நின்றவர்கள், சிறு வீழ்ச்சியில் எலும்பு முறிந்தவர்கள், உயரம் குறைந்து வருவதை உணர்வோர் ஆகியோர் எலும்பு அடர்த்திப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேட்டறிதல் நலம். நோய் உறுதிப்பட்டபின் உணவு மட்டும் போதாது. முறிவைத் தடுக்கும் மருந்துகள் உள்ளன. உணவு அம்மருந்துகளுக்கு அடித்தளமாகும், மாற்றாகாது.

இல்லத்தில் பங்கீடு

பொருள் கிடைப்பது ஒன்று. அது யாருடைய தட்டுக்குச் செல்கிறது என்பது மற்றொன்று. பல வீடுகளில் பால் முதலில் ஆண் பிள்ளைகளுக்கும், பின்னர் உழைக்கும் ஆண்களுக்கும் பகிரப்படுகிறது. சமைத்தவள் கடைசியில் அமர்ந்து, எஞ்சிய சோற்றையும் குழம்பையும் உண்கிறாள். கருவுற்றும் பாலூட்டியும் எலும்பின் சேமிப்பை மிகுதியாகச் செலவிட்டவளும், மாதவிடாய் நின்றபின் அதனை விரைந்து இழப்பவளும் அவளே. எலும்புப்புரை பெண்களை மிகுதியாகத் தாக்குவதற்கு இயற்கை ஒரு காரணம். இப்பங்கீடு மற்றொரு காரணம். இயற்கையை மாற்றுதல் அரிது. பங்கீட்டை இன்றே மாற்றலாம்.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளும், பள்ளிகளின் மதிய உணவும், மகளிர் சுய உதவிக் குழுக்களும் இம்மாற்றத்திற்குக் கருவிகளாக அமையலாம். முளைகட்டிய கேழ்வரகு மாவு தயாரிப்பது குழுக்களுக்கு வருவாயும் தரும். பள்ளிச் சிறுமியருக்கு வாரத்தில் சில நாள் கேழ்வரகும் முருங்கையும் கிடைத்தால், அவர்களுடைய எலும்புக் கணக்கில் உரிய காலத்தில் உரிய தொகை சேரும்.

ஹேடோவின் ஈரப் படிகளில் மழை இனியும் பெய்யும். முதியோர் சிலர் இனியும் கால் வழுக்குவர். ஆனால் வழுக்கியவர் சிராய்ப்போடு எழுந்து, மறுநாளும் துறைமுகச் சாலையில் நடந்து கடைக்குச் செல்ல இயலும். அதற்கான பணி இன்று அவ்வீட்டின் அடுக்களையில், பத்து வயதுப் பெண்ணின் கூழ்க் கிண்ணத்திலும் அவள் தாயின் தயிர்க் கிண்ணத்திலும் தொடங்குகிறது.